மறுபூஜை வரைக்கும்

— ஸ்டூல் மேல வெச்ச சாவிய எடுத்துக்கினு, வந்த வழியே போயிடுங்க டீச்சர். இந்த வண்டிய நான் தொட மாட்டேன்.

— தொட வேண்டாம் ஆதிகேசவன். பாருங்கோ, அது போறும்.

— பாக்கறதுக்கு இன்னா இருக்குது? நாலு மாசத்துக்கு முன்னாடியே பார்த்துட்டேன். இதே ஷெட்டு வாசல்ல, இதே பம்பருக்குக் கீழ, என் பொண்டாட்டி கெடந்தா. கோலப்பொடி டப்பா ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். அதுக்கு மேல இந்த வண்டிய நான் எப்படிப் பாக்கறது?

— உங்க கோவம் நியாயம். நான் இல்லைன்னு சொல்லலை.

— உங்க தம்பி எங்க? அக்காவ அனுப்பிட்டு வூட்ல உக்காந்துக்கினு இருக்காரா?

— ராமானுஜ் ஆத்தை விட்டு வெளியில வந்தே நாலு மாசமாறது. பெருமாள் கோயில் நாலு வீடு தள்ளி இருக்கு, அங்க கூட போறதில்லை. நாளைக்குத்தான் வருவான், கோர்ட்டுக்கு. ‘ஆமா, தூங்கிட்டேன், என் தப்புதான்’னு சொல்லிடப் போறானாம். சொன்னா கவர்மெண்ட் உத்தியோகம் போயிடும். ஜெயிலும் வரலாம்கறார் வக்கீல்.

— தப்பு பண்ணவன் ஒத்துக்கினா நல்லதுதானே?

— பண்ணியிருந்தா நல்லதுதான். அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுண்டு அவன் என்ன சொன்னான் தெரியுமோ? ‘அக்கா, நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பலை’ன்னான். ஒருத்தரும் நம்பலை. மார்கழி மாசம், நாலு மணிக்கு எழுந்துண்டு மூணு பெரியவாளை ஏத்திண்டு திருப்புட்குழிக்குத் திருப்பாவை கோஷ்டிக்குப் போறவன், திரும்பி வரச்சே கண் அசந்திருப்பான்னு ஊரே சொல்லித்து. ஊர் சொல்லிச் சொல்லி, இப்போ அவனே சொல்றான், ‘தூங்கித்தான் போயிருப்பேன் போலிருக்கு அக்கா’ன்னு. எனக்கு அதுதான் பயமா இருக்கு. தன் கை செஞ்சதைத் தானே நம்பாம போயிட்டான்.

— தோ பாருங்க டீச்சர். ஊரு ஆயிரம் சொல்லும், அத வுடுங்க. என் வடிவு பார்த்தா. எதிர்ல இருந்தவ அவ. ‘டிரைவர் கண்ணு மூடியிருந்துது’ன்னு போலீஸ்ல சொல்லி கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கா. அவ பொய் சொல்றவ இல்ல. பதினெட்டு வருஷமா கூட இருக்கேன். புடவை நெய்ஞ்சு முடிச்சு அரை கண்டி பட்டு நூல் மிஞ்சினாக்கூட, பஸ் புடிச்சுப் போயி முதலாளி கையில குடுத்துட்டு வர்றவ.

— தெரியும்.

— அப்புறம் எதுக்கு இத இங்க கயிறு கட்டி இழுத்துக்கினு வந்தீங்க? காஞ்சிபுரத்துல வேற மெக்கானிக்கே இல்லயா?

— இருக்கா. வேற ஒருத்தர் பார்த்து ‘ஸ்டியரிங்தான் கோளாறு’ன்னு எழுதிக் கொடுத்தா, வேண்டப்பட்டவர்னு சொல்லிடுவா. நீங்க சொன்னா அப்படிச் சொல்ல முடியாது. அடிபட்டவளோட ஆம்படையான் நீங்க. எங்கப்பா காலத்திலேர்ந்து இந்த பியட் உங்க கையைத் தவிர வேற கை பார்த்ததில்லை. பார்த்துட்டு, ‘வண்டியில ஒண்ணும் இல்லை’ன்னு சொல்லுங்கோ. நான் பேசாம இழுத்துண்டு போயிடறேன். நாளைக்கு அவன் ஒத்துக்கட்டும்.

— போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சு ஒருத்தர் பார்த்து எழுதினாரே?

— பிரேக்கை மிதிச்சுப் பார்த்தார். ஹாரனை அடிச்சுப் பார்த்தார். அஞ்சு நிமிஷம்.

— டீச்சர், கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. பின்னால எங்க வூடு. இன்னா கேக்குது?

— ஒண்ணும் கேக்கலையே.

— அதான். பொழுது விடிஞ்சா வடிவு தறிச் சத்தம்தான் எனக்கு அலாரம். குழித்தறியில மிதிக்க ரெண்டு காலு வேணும். அவளுக்கு முட்டிக்குக் கீழ இரும்பு வெச்சிருக்காங்க. முகூர்த்தப் புடவை ஒண்ணு பாதியில நிக்குது, முந்தானை கூட வரல. பகல்ல போயி அதும் பக்கத்துல உக்காந்துக்கினு இழையத் தடவிக்கினு இருப்பா. அதப் பாக்கறவன் நான். என்னை வந்து இந்த வண்டிக்கு சாட்சி சொல்லச் சொல்றீங்க.

— ஆமா ஆதிகேசவன், உங்களைத்தான் சொல்லச் சொல்றேன். பார்த்து மட்டும் சொல்லுங்கோ. ரெண்டு மணிக்கு வக்கீலாத்துக்குப் போகணும்.

— கோளாறு இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன். மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்.

— அதைத்தான் கேக்கறேன்.

— அப்ப ஏறி உக்காருங்க. டிரைவர் சீட்ல. இன்ஜின் வேணாம். நான் வண்டிக்குக் கீழ குழியில எறங்கறேன். முன் சக்கரம் ரெண்டும் எனக்குத் தெரியும். நான் சொல்றப்ப சொல்ற பக்கம் திருப்பணும். அவசரம் கூடாது, கணக்குப் பாடம் மாதிரி.

— உக்காந்தாச்சு. சொல்லுங்கோ.

— எடது பக்கம். மெதுவா. ரெண்டு சக்கரமும் அசைஞ்சா ‘ம்’முன்னுவேன், அங்க நிறுத்துங்க.

— திருப்பறேன். ரெண்டு விரல்... நாலு விரல்... நீங்க ‘ம்’ சொல்லவே இல்லையே? ஆதிகேசவன், ஒரு சாண் வந்தாச்சு!

— நிறுத்துங்க. வலது சக்கரம் அப்பவே அசைஞ்சுது. எடது சும்மா கெடக்குது.

— அப்போ அவன் சொன்னது நிஜம்.

— அவசரப்படாதீங்கன்னு சொன்னேன் இல்ல? பழைய வண்டி. ரெண்டு விரல் ஆட்டம் எதுலயும் இருக்கும். மூணு மாசம் ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல கெடந்துது. மோதின அடியில கூட ஏதாவது நெகிழ்ந்திருக்கும். காய்ச்சல்னு தெரிஞ்சா மட்டும் போதுமா? எதனாலன்னு பாக்க வேணாமா?

— சரி. பாருங்கோ.

— இப்ப சின்னச் சின்னதா ஆட்டுங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நிறுத்தாம... ம், அப்படித்தான். ஸ்டியரிங் தண்டு கீழ வந்து ஒரு பாக்ஸுல சேருது, அதும் மேல கை வெச்சிருக்கேன். நீங்க ஆட்டினா உடனே ஆடுது. பாக்ஸ் நல்லா இருக்குது.

— அப்போ கோளாறு அங்க இல்லை.

— அங்க இல்ல. அடுத்தது நடு ராடு. ஆட்டுங்க... இதுவும் போகுது, வருது. சுத்தமா இருக்குது. ஒண்ணு கேக்கணும் டீச்சர். நிறுத்தாதீங்க, ஆட்டிக்கினே சொல்லுங்க.

— கேளுங்கோ.

— அந்த விடியக்காலம் உங்க தம்பிக்கு ஓரிக்கை ரோடுல இன்னா வேலை? திருப்புட்குழியிலேருந்து வந்தா சின்ன காஞ்சிபுரத்துல வூட்டுக்குத்தானே போவணும்? இந்தப் பக்கம் ஏன் வந்தாரு? நாலு மாசமா எனக்கு அது வெளங்கல.

— உங்க கிட்டதான் வந்தான்.

— இன்னாது?

— பத்து நாளா சொல்லிண்டிருந்தான், ‘ஸ்டியரிங் கையில நிக்கலை, ஆடறது’ன்னு. நவராத்திரிக்கு அப்புறம் வண்டியை அதிகம் எடுக்கலை, மார்கழியிலதான் தினமும் ஓட்டினான். நான்தான் சொன்னேன், ‘பெரியவாளுக்கு கோஷ்டி தடைபடக் கூடாதுடா, மாசம் முடியட்டும், ஆதிகேசவன் கிட்ட விட்டுக்கலாம்’னு. அது என் தப்பு, நான் ஒத்துக்கறேன். அன்னிக்கு அவனுக்கே பயம் வந்துடுத்து. பெரியவாளை இறக்கி விட்டுட்டு, நேரா இங்க கொண்டு வந்தான். வண்டியை உங்க ஷெட்ல விட்டுட்டு பஸ்ல ஆபீஸ் போறதா இருந்தான். உங்க வாசல்ல திரும்பறச்சேதான்...

— இத யாரும் எங்கிட்ட சொல்லல.

— சொல்ல வந்தான். நீங்க ஆஸ்பத்திரியில அவன் சட்டையைப் பிடிச்சேள்.

— ஆமா. புடிச்சேன். கன்னத்துல ஒண்ணு வெச்சேன் கூட.

— அதை அவன் எங்களண்ட சொல்லலை.

— ஆட்டுங்க டீச்சர். நிறுத்திட்டீங்க.

— ஆட்டறேன்.

— வலது பக்க ராடு... கை வெச்சிருக்கேன்... டக்குனு இழுக்குது. இதுலயும் ஒண்ணுமில்ல. இனிமே எடது பக்கம்தான் பாக்கி. தள்ளிப் போறேன், இருங்க... ம், ஆட்டுங்க. இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க! இல்ல, ஆட்டுங்க. திரும்ப ஆட்டுங்க.

— என்ன ஆச்சு?

— அடக் கடவுளே.

— ஆதிகேசவன், என்னன்னு சொல்லுங்கோ!

— ராடு போகுது, சக்கரம் போகல. ராடு முனையில ஒரு தண்டு இருக்குது, அது சக்கரத்துக் கையில இருக்கற ஓட்டையில கெட்டியா உக்காந்திருக்கணும். இது உள்ளயே குதிக்குது. டொக் டொக்னு கேக்குதா?

— கேக்கறது. நான் வேற எங்கேயோ சத்தம்னு நினைச்சேன்.

— இதான். நட்டு கடைசி ரெண்டு மரையில தொங்கிக்கினு இருக்குது. விரலால சுத்தினா சுத்துது டீச்சர்! ஓட்டை முட்டையாட்டம் தேஞ்சு போயிருக்குது. இத வெச்சுக்கினு ஒருத்தன் வண்டியத் திருப்பினா, நம்ம வாசல் மாதிரி முடக்குல, எடது சக்கரம் நேராத்தான் போவும். எமனே வந்து திருப்பினாலும் நேராத்தான் போவும்.

— மோதினதுல லூசாகியிருக்காதோ? நீங்கதானே சொன்னேள்?

— மோதினா வளையும், இல்ல உடையும். நட்டு தானா சுத்திக்கினு கழலாது. இது கொஞ்சங் கொஞ்சமா, ஓட ஓட கழண்டிருக்குது. கழலக் கூடாதுன்னுதான் நட்டுக்குக் குறுக்கால ஒரு பின்னு போடுவோம். கொண்டை ஊசியாட்டம் ரெண்டு காலு இருக்கும். ஓட்டையில வுட்டு, காலப் பிரிச்சு வளைச்சு வுட்டா, பத்து வருஷம் ஆனாலும் நட்டு நகராது. அந்தப் பின்னு இங்க இல்ல.

— எங்கேயாவது விழுந்திருக்கும்.

— இருங்க, டார்ச் அடிச்சுப் பாக்கறேன்... விழல. போடவே இல்ல. போட்டிருந்தா ஓட்டை வாயில கீறல் இருக்கும். இங்க கம்பெனியில வெச்ச கிரீஸ் அப்படியே அடைச்சுக்கினு கெடக்குது. நட்டு மேலயும் ஆறு பக்கமும் மெருகு கலையல. ஸ்பேனர் ஒரு தடவ பட்டாக்கூட தடம் விழும் டீச்சர், இதுல தடமே இல்ல. கையால சுத்தி வுட்டுட்டுப் போயிருக்கான்! எந்த நாயி செஞ்ச வேலை இது? நட்ட மாட்டிட்டு முறுக்கல, பின்னு போடல, பட்டப்பகல்ல வண்டிய ரோட்டுக்கு வுட்டிருக்கான். மூணு பெருசுங்க தெனமும் ஏறிப் போயிருக்காங்க இதுல! அவன் கைய ஒடிக்கணும். உங்க தம்பி தூங்கினாரோ முழிச்சாரோ, என் வடிவு கால ஒடிச்சது இந்த நட்டு. எவன் கிட்ட வுட்டீங்க வண்டிய? பேரச் சொல்லுங்க.

— ஆதிகேசவன்...

— சொல்லுங்க டீச்சர், பயப்படாதீங்க. நான் வந்து கோர்ட்ல சொல்றேன். எவன் அவன்?

— நான்தான் சொன்னேனே. வேற கை பட்டதில்லை.

— பட்டிருக்கும். உங்களுக்குத் தெரியாம தம்பி எங்கியாவது வுட்டிருப்பாரு. இந்த முனை புதுசு, மாத்தி ஒரு வருஷம் கூட ஆவல.

— நவராத்திரி போது. ‘எடது பக்கம் தேஞ்சு போயிருக்கு, புதுசு போட்டுடறேன்’னு நீங்கதான் சொன்னேள். சரஸ்வதி பூஜை அன்னிக்குக் காத்தால நானே கொண்டு வந்து விட்டேன். மறுநாள் ராமானுஜ் வந்து எடுத்துண்டு போனான்.

— சரஸ்வதி பூஜை அன்னிக்கா?

— ஆமா. கீழ என்ன சத்தம் அது?

— ஒண்ணுமில்ல.

— இரும்பு சத்தம் கேட்டுது. ஸ்பேனரை எடுத்தேளா?

— ஒண்ணுமில்லன்றேனே.

— ஸ்டியரிங் என் கையை லேசா இழுக்கறது. அதை முறுக்கறேளா? முறுக்காதேங்கோ! கேட்டேளா? நான் இறங்கி வரேன் குழிக்கு.

— வராதீங்க. புடவை எல்லாம் கிரீஸாயிடும்.

— புடவை கிடக்கட்டும்! கையை எடுங்கோ அதுலேர்ந்து! நாலு சுத்து முறுக்கிட்டேள்னா அப்புறம் அங்க ஒண்ணுமே இருக்காது. என் தம்பி தூங்கினவனாவே ஜெயிலுக்குப் போயிடுவான். ஆதிகேசவன்! உங்களை நம்பித்தானே இங்க வந்தேன்!

— எடுத்துட்டேன். எடுத்துட்டேன் டீச்சர், இதோ பாருங்க, ஸ்பேனர கீழ போட்டுட்டேன். கத்தாதீங்க. உள்ள வடிவு இருக்கா.

— எத்தனை சுத்து?

— அரை சுத்து. சத்தியமா அரை சுத்துதான். நான் யோசிக்கக் கூட இல்ல. கை தானா போச்சு.

— தடம் விழுந்திருக்குமே இப்போ.

— ரெண்டு பக்கம் விழுந்திருக்குது. மத்த நாலும் அப்படியே இருக்குது.

— நகருங்கோ, நானும் குழிக்குள்ள இறங்கறேன். டார்ச்சை எனக்காகப் பிடியுங்கோ. படம் எடுத்துக்கறேன்... ஒண்ணு. அந்தப் பக்கம் காட்டுங்கோ... பின் போடற ஓட்டை எது? இதுவா?... ரெண்டு, மூணு. போறும். இப்போ சொல்லுங்கோ. அன்னிக்கு என்ன நடந்தது?

— சொன்னா இன்னா ஆவும்?

— எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ.

— ஆயுத பூஜை அன்னிக்கு மத்தியானம். இதே குழிதான். பழைய முனைய கழட்டி, புதுச உள்ள வுட்டு, நட்ட விரலால ஏத்திட்டேன். அந்தப் பின்ன எடுத்து, குழி ஓரத்துல விரிச்சிருந்த பாய் மேல வெச்சேன், கைக்கு எட்டற மாதிரி. ஸ்பேனரத் தேடினேன், காணோம். தலையத் தூக்கிப் பார்த்தா வடிவு எல்லாத்தையும் கூடையில அள்ளிக்கினு போறா. ‘ராகு காலம் வந்துடும்யா, தொடைச்சு பொட்டு வெக்கணும்’னா. ‘ஒரே ஒரு ஸ்பேனர வுடுடி, ரெண்டு நிமிஷம்’னேன். ‘சந்தனம் வெச்சாச்சு, குங்குமம் வெச்சாச்சு, இனிமே அதத் தொடுவியா நீ?’ன்னா. எப்படித் தொடுவேன்? பூஜையில வெச்சத, மறுநாள் மறுபூஜை பண்ணாம எங்கப்பா ஆயுசுல எடுத்ததில்ல. கலப்பை வெச்சிருந்த காலத்துலேருந்து எங்க வூட்ல அதான் மொறை. ‘சரி, வண்டி எங்க போவப் போவுது, காலையில மறுபூஜை ஆனதும் முறுக்கிக்கலாம்’னு ஏறிட்டேன்.

— காலையில?

— காலையில மச்சான் ஊர்லேருந்து போனு. பம்புசெட்டு பெல்ட்டுல கைய வுட்டுக்கினான்னு. சட்டையக் கூட போடாம ஓடினேன். சாயங்காலம் வந்தா வண்டி இல்ல. ‘டீச்சர் தம்பி வந்துச்சு, நானே மாலை போட்டு, பொட்டு வெச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி அனுப்பினேன்’னா வடிவு. ‘நல்லா செஞ்சடி’ன்னேன். அவ்ளோதான். அந்த நட்டு என் நெனப்புலயே வரல டீச்சர். மறைச்சிருந்தாக் கூட நான் அயோக்கியன்னு சொல்லிக்கலாம். மறந்துட்டேன். இப்ப நீங்க சொல்ற வரைக்கும் மறந்தே போயிட்டேன்.

— எலுமிச்சம்பழம் வெச்சது அவ கையாலயே.

— அவ கையாலயே. நான் நாலு மாசமா உங்க தம்பிய சாபம் வுட்டுக்கினு இருக்கேன். அவன் கை ஒடியணும்னு உங்க வரதராஜர் சந்நிதியிலயே போயி நின்னு வேண்டினேன்.

— எத்தனை நேர வேலை அது? முறுக்கி, பின் போடறது?

— ரெண்டு நிமிஷம்.

— ரெண்டு நிமிஷம்! எனக்கு உங்களைக் கண்டபடி திட்டணும் போல இருக்கு. நாலு மாசமா அவன் சாதத்தைப் பிசைஞ்சு வெச்சுண்டு தட்டையே பார்த்துண்டு இருக்கான். தூங்கப் பயப்படறான். கண்ணை மூடினா, ‘இப்படித்தான் மூடினேனோ அன்னிக்கு’ன்னு எழுந்து உக்காந்துக்கறான். ரெண்டு நிமிஷத்துக்காக.

— திட்டுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க.

— அடிச்சு என்ன ஆகப் போறது? ரெண்டு மணிக்கு என்னோட வக்கீலாத்துக்கு வருவேளா? இப்போ சொன்னதை அங்க சொல்லுவேளா?

— என்னை உள்ள வெப்பாங்களே.

— வெக்கலாம். பொய் சொல்லிக் கூட்டிண்டு போக மாட்டேன்.

— அப்புறம் இந்த ஷெட்டுக்கு எவன் வருவான்? சொந்தப் பொண்டாட்டி கால ஒடிச்ச மெக்கானிக்குன்னு ஓரிக்கை பூரா சிரிக்கும். அதக் கூட வுடுங்க. வடிவு மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? காலையில நான்தான் அவளத் தூக்கி உக்கார வெக்கறேன். வெக்கறப்ப எல்லாம், ‘அந்தத் தூங்குமூஞ்சி வெளங்க மாட்டான்’னு சொல்லிக்கினேதான் தூக்கறேன். அவ இன்னாடான்னா, ‘வுடுய்யா, கேச வாபஸ் வாங்கு, அது நல்ல பையன்’னுவா. நான்தான் முடியாதுன்னேன்.

— வாபஸ் வாங்கச் சொன்னாளா?

— பத்து வாட்டி சொல்லியிருப்பா. அவ மனசு அப்படி.

— எனக்கு ஒண்ணு புரியலை. ராமானுஜ் ஸ்டியரிங்கைத் திருப்பினேன்னான். இந்த நட்டைப் பார்த்தா அது நிஜம்தான். தூங்கறவன் திருப்புவானோ? அப்போ வடிவு, கண்ணு மூடியிருந்துதுன்னு எப்படிச் சொன்னா?

— ஒருவேளை நட்டும் கழண்டு, அவரும் அசந்து...

— ரெண்டும் ஒரே நிமிஷத்துலயா?

— என்னை ஏன் கேக்கறீங்க? எனக்கே தலை சுத்துது. அவ பொய் சொல்ல மாட்டா. அத அவளத்தான் கேக்கணும்.

— கேளுய்யா. இங்கதான் கீறேன்.

— வடிவு! நீ எதுக்கு எழுந்து வந்த? கீழ ஆயில் கொட்டிக் கெடக்குது, வாக்கர் சறுக்கிடும்டி! அங்கியே நில்லு, நான் வர்றேன்.

— நான் நல்லாத்தான் நிக்கறேன். நீ மேல ஏறி வா, குழியில இருந்துக்கினு பேசாத. டீச்சரம்மா, நீயும் வாம்மா. புடவையெல்லாம் கரியாச்சே.

— எவ்ளோ நேரமா நிக்கற?

— டீச்சரம்மா கத்தினப்பவே வந்துட்டேன்.

— அப்ப கேட்டுக்கினு இருந்தியா? வடிவு, அந்த நட்டு... நான்தான்டி...

— தெரியும்யா.

— இன்னா தெரியும் உனக்கு?

— டீச்சரம்மா, உன் தம்பி கண்ணு மூடல. நல்லா முழிச்சிக்கினுதான் இருந்துது. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க சுத்து சுத்துன்னு சுத்திக்கினு, ‘அக்கா, நகருங்கோ நகருங்கோ’ன்னு தொண்டை கிழிய கத்திக்கினே வந்துச்சு. கோலத்தாண்ட குந்திக்கினு இருந்தேன், டக்குனு எழுந்திருக்க முடியல. நாளைக்கு நானே வந்து கோர்ட்ல சொல்றேன். தூக்கிக்கினு போறதுக்கு மட்டும் ஒரு ஆட்டோ சொல்லு.

— பெருமாளே. வடிவு, இதை அவன் காதால கேக்கணும்மா. நீ சொல்லி அவன் கேக்கணும்.

— அடிப்பாவி! அப்ப கண்ணு மூடியிருந்துதுன்னு ஏன்டி கையெழுத்து போட்ட? ஒரு மனுஷன நாலு மாசமா கொன்னுக்கினு இருக்கோமேடி! ஏன் அப்படிச் சொன்ன?

— இத்தப் புடி மொதல்ல. உன் பின்னுதான். பூஜை அன்னிக்குப் பாய சுருட்டறப்ப கெடந்துது. மிஞ்சினது போல, அப்பால குடுக்கலாம்னு, ஊக்கோட ஊக்கா தாலிச் சரட்டுல மாட்டினேன், நானும் மறந்துட்டேன். ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்கு முன்னாடி, இருக்கறத எல்லாம் கழட்டி ஒரு கிண்ணத்துல போட்டு எங்கிட்ட காட்டினாங்க. அப்பதான் இத்தப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் மெக்கானிக் பொண்டாட்டி, பார்த்ததும் எனக்குப் புரியாதா, நீ இத்த வண்டியில மாட்டலன்னு? பார்த்துக்கினே படுத்திருந்தேன்யா. அப்பதான் அந்த போலீஸ்காரரு பக்கத்துல வந்து நின்னு கேட்டாரு, ‘டிரைவர் கண்ணு எப்படிம்மா இருந்துது?’ன்னு.